விசைப்பலகையை ஓட்டுவது யார்? லினக்ஸில் யூஎஸ்பி டிரைவரைக் கண்டுபிடிக்கும் முழு வழி

"அண்ணை, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது" என்றார் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர். துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் அவர். நான் கிளிநொச்சியில் கணினி திருத்துகிறவன். எல், எஸ், யூ, எஸ், பி என்று எழுத்தெழுத்தாகச் சொல்லியிருந்தேன். அவரும் எழுத்தெழுத்தாகவே தட்டியிருந்தார். ஆனால் தமிழ்க் காதுக்கு ஒரே 'பி'யாகக் கேட்பது ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. அவர் மற்றதைத் தட்டிவிட்டார். "யூஎஸ்பியில் வருகிற பி, தம்பி" என்றதும் திரை நிறைய வரிகள் ஓடின.

அவருடைய சிக்கல் இதுதான். நிலையத்துக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த புது விசைப்பலகையில் எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக விழுகின்றன. எஃப்2 விசையை அழுத்தினால் மட்டும் விரிதாளின் கட்டம் திருத்தத்துக்குத் திறப்பதற்குப் பதிலாகத் திரையின் வெளிச்சம் மாறப் பார்க்கிறது. இதற்காக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை இரண்டு தடவை அழித்து நிறுவியிருக்கிறார். மூன்றாவது தடவைக்கு ஆயத்தமாக இருந்தபோதுதான் என்னிடம் கதைத்தார். மாங்குளம் சந்தியில் திரும்பி, மல்லாவி தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டிய வேலை அல்ல இது. அந்த விசைப்பலகையை எந்த டிரைவர் (கருவியை இயங்குதளத்தோடு பேச வைக்கும் மென்பொருள்) ஓட்டுகிறது என்று தெரிந்தால் இருந்த இடத்திலேயே தீர்க்கலாம். அன்று அவருக்கு ஒரு மணிநேரம் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எழுத்து பற்றி ஒரு சொல். கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படியே தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி 'டி' என்றால் ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்து, 'ரி' என்றால் இருபதாம் எழுத்து. சாய்கோடு, சிறுகோடு, முக்காற்புள்ளி எல்லாம் உள்ளபடியே. கேர்னல் என்றதும் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பட்டாளப் பதவிதான் முதலில் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இயங்குதளத்தின் கரு, வன்பொருளோடு நேரே பேசும் பகுதி.

ஒரு அழுத்தம் எத்தனை கை மாறுகிறது

'இந்த விசைப்பலகைக்கு எந்த டிரைவர்?' என்று கேட்டால் ஒரே பெயர் பதிலாக வரும் என்று நினைக்கிறோம். வராது. முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் ஒரு பொதி அனுப்புகிறீர்கள். ஏ35 வீதியால் பரந்தன் சந்தி வரை ஒரு பஸ், அங்கே இறக்கி ஏற்றி ஏ9 வீதியால் இன்னொரு பஸ். பொதியைக் கொண்டுவந்த டிரைவர் யார் என்று கேட்டால், எந்தத் துண்டுக்குக் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். கணினிக்குள்ளும் சொற்கள் இதே பஸ் (தரவு போகும் வழி), இதே டிரைவர் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

விசையை அழுத்தியதும் முதலில் வருவது துவாரத்தை ஆளும் கட்டுப்படுத்தியின் டிரைவர். இன்றைய கணினிகளில் அது எக்ஸ்எச்சிஐ_எச்சிடி. பழையவற்றில் ஈஎச்சிஐ, ஓஎச்சிஐ, யூஎச்சிஐ என்று உறவினர்கள் இருப்பார்கள். அதற்கு மேல், செருகிய கருவி முழுவதையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் 'யூஎஸ்பி' என்ற பொது டிரைவர். அதற்கு மேல், கருவியின் ஒவ்வொரு இடைமுகத்தையும், அதாவது ஒவ்வொரு வேலைப் பகுதியையும், தனித்தனியே பிடிக்கும் யூஎஸ்பிஹிட். அதற்கும் மேல், ஹிட் அடுக்கில், அதாவது விசைப்பலகை, எலி போன்ற மனித இடைமுகக் கருவிகளுக்கான அடுக்கில், ஒருவர் இருப்பார். சாதாரண விசைப்பலகைக்கு ஹிட்-ஜெனரிக், விசேடக் குணமுள்ளவற்றுக்கு அதற்கென எழுதப்பட்ட ஒன்று. கடைசியில் உள்ளீட்டு அடுக்கு, பொதியை வாங்கிப் பிரித்து நிகழ்ச்சிகளாகக் கொடுக்கிறது.

இவற்றில் முதல் இரண்டும் எலிக்கும் பென் டிரைவுக்கும் பொது. அவற்றின் பெயர் தெரிந்து விசைப்பலகைச் சிக்கல் எதுவும் தீரப்போவதில்லை. யூஎஸ்பிஹிட் அநேகமாக எல்லா விசைப்பலகைக்கும் ஒன்றேதான். ஆட்கள் தேடிக் களைத்து, 'யூஎஸ்பிஹிட் என்று வந்துவிட்டது' என்று நிறுத்திவிடுவது இங்கேதான். அது பாதி பதில். எஃப்2 விசை ஏன் வெளிச்சத்தைக் கூட்டுகிறது என்பதற்கு விடை அதற்கு மேல் படியில், ஹிட் அடுக்கில் இருக்கிறது.

உண்மையில் யூஎஸ்பியில்தான் இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் வருகிற கணினிகளில் பாதிக்கு மேல் இரண்டாம் கை. அவற்றின் பின்புறத்தில் ஊதா நிறத்தில் ஒரு வட்டத் துவாரம் இருக்கும். அது பிஎஸ்2 துவாரம். அதில் செருகிய விசைப்பலகையை யூஎஸ்பிப் பட்டியலில் ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் காணமாட்டீர்கள். அதன் டிரைவர் ஏரிகேபிடி, அதற்குக் கீழே ஐ8042. மடிக்கணினியோடு ஒட்டிப் பிறந்த விசைப்பலகையும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். எனவே மடிக்கணினியில் வெளி விசைப்பலகையைச் செருகி ஆராயும்போது எது எது என்று மாறிப்போகக் கூடாது.

கட்டளை தட்டும் சாளரமான முனையத்தைத் திறந்து இதைக் கொடுங்கள்:

கேட் /ப்ரொக்/பஸ்/இன்புட்/டிவைசஸ்

ஒவ்வொரு உள்ளீட்டுக் கருவிக்கும் ஒரு பத்தி வரும். 'ஐ' என்று தொடங்கும் வரியில் பஸ் என்ற இடத்தைப் பாருங்கள். 0003 என்றால் யூஎஸ்பி, 0005 என்றால் புளூடூத், 0011 என்றால் மேலே சொன்ன பிஎஸ்2 வகை. 'என்' வரியில் பெயர். 'எச்' வரியில் கையாளுபவர்கள். விசைப்பலகை என்றால் அங்கே கேபிடி என்ற சொல்லும் ஈவெண்ட் என்பதோடு ஒரு எண்ணும் இருக்கும். ஈவெண்ட்3 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே விசைப்பலகை இரண்டு மூன்று பத்திகளாக வந்தால் பதற வேண்டாம். ஒலி கூட்டும், நிறுத்தும் விசைகள் உள்ள பலகை தன்னை இரண்டு இடைமுகங்களாகக் காட்டிக்கொள்வது வழமை. கம்பியில்லா விசைப்பலகையின் சிறு செருகி எலியையும் சேர்த்துக் காட்டும். ஆற்றல் பொத்தானுக்கும் இங்கே ஒரு பத்தி உண்டு. அதற்கும் கேபிடி இருக்கும். அதைப் போய் விசைப்பலகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செருகும்போது கேர்னல் என்ன சொல்கிறது

அடுத்தது கேர்னலின் நாட்குறிப்பு. டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துக் கட்டளை. டிமெஸ்ஜி என்று வாசிக்கலாம். பல இயங்குதளங்களில் இப்போது இதற்கு முன்னால், நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் சூடோ போட வேண்டும்.

சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ

இப்படிக் கொடுத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது விசைப்பலகையைக் கழற்றி, மனதுக்குள் ஐந்து எண்ணி, மறுபடி செருகுங்கள். முதல் வரி, துவாரம் 1-2 இல் புதிய குறைவேகக் கருவி ஒன்று வந்திருக்கிறது, அதை எக்ஸ்எச்சிஐ_எச்சிடி கையாளுகிறது என்ற பொருளில் வரும். பிறகு கருவியின் அடையாள எண்கள், தயாரிப்புப் பெயர். முக்கியமான வரி கடைசியில் வரும். அதன் தொடக்கத்தில் நிற்கும் சொல்லே ஹிட் அடுக்கின் டிரைவர். எளிய விசைப்பலகை என்றால் அது ஹிட்-ஜெனரிக். அதையடுத்து 0003:046டி:சி31சி.0001 போன்ற ஒரு நீண்ட பெயரும், விசைப்பலகை என்ற குறிப்பும் இருக்கும்.

அந்த நீண்ட பெயரைப் பிரித்துப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 0003 யூஎஸ்பி. 046டி தயாரிப்பாளர், அதாவது லாஜிடெக். சி31சி அவர்களுடைய கே120 என்ற சாதாரண விசைப்பலகை. கடைசி 0001 வெறும் வரிசை எண். கழற்றிச் செருகும்போதெல்லாம் அது கூடும். ஆகவே அதை மனப்பாடம் செய்து பயனில்லை.

பல சமயம் வேலை இந்த ஒரு படியிலேயே முடிந்துவிடும். ஆனால் கணினி எழும்பி மூன்று நாள் ஆகி, நாட்குறிப்பு நிரம்பிப் பழைய வரிகள் போய்விட்டாலோ, கழற்றிச் செருக முடியாத இடத்தில் கணினி இருந்தாலோ அடுத்த வழிதான்.

மரத்தைப் பார்த்தல்

எல்எஸ்யூஎஸ்பி

இது செருகியிருக்கும் எல்லாக் கருவிகளின் பட்டியலைத் தரும். இதில் டிரைவர் பெயர் இருக்காது. தயாரிப்பாளர் எண்ணும் தயாரிப்பு எண்ணும் இருக்கும். பட்டியலில் எது விசைப்பலகை என்று தெரியாவிட்டால் ஒரு தடவை கழற்றிவிட்டுக் கட்டளையைக் கொடுங்கள், செருகிவிட்டு மறுபடி கொடுங்கள். எந்த வரி கூடியதோ அதுதான். இதைவிட நம்பகமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

எல்எஸ்யூஎஸ்பி -ரி

இது மரமாகக் காட்டும். ஒவ்வொரு கிளையிலும் துவார எண், கருவி எண், இடைமுக எண், வகுப்பு, டிரைவர், கடைசியில் வேகம். விசைப்பலகையின் கிளையில் வகுப்பு என்ற இடத்தில் மனித இடைமுகக் கருவி என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடர் இருக்கும். ஹிட் என்பது அதன் சுருக்கம்தான். டிரைவர் என்ற இடத்தில் யூஎஸ்பிஹிட் இருக்க வேண்டும். வேகம் 1.5எம் அல்லது 12எம் என்று இருக்கும். விசைப்பலகைக்கு 1.5 மெகாபிட் குறைவேகமே தாராளம். எந்தத் தட்டச்சாளரும் அதை நிரப்பியதில்லை.

இங்கே ஒரு பொறி. கருவி எண் வேறு, துவார எண் வேறு. முதல் பட்டியலில் பஸ் 001, கருவி 004 என்று காண்பது, செருகிய ஒழுங்கில் கேர்னல் கொடுத்த எண். கழற்றிச் செருகினால் 005 ஆகிவிடும். ஆனால் 1-2 என்பது இடம்: முதல் பஸ், இரண்டாம் துவாரம். நாளைக்கும் அதே துவாரத்தில் செருகினால் அதே 1-2தான். நடுவில் ஒரு துவாரத்தைப் பலவாக்கும் ஹப் இருந்தால் 1-2.3 என்று புள்ளி வைத்து நீளும். அடுத்த படிக்கு நமக்கு வேண்டியது இந்த இடப்பெயர். கருவி எண்ணை எடுத்துக்கொண்டு போனால் வேறு யாருடைய வீட்டுக் கதவையோ தட்டுவீர்கள்.

சிஸ் அடைவுக்குள் நேரே போதல்

இதுதான் எனக்குப் பிடித்த வழி. எந்த மென்பொருளும் நிறுவத் தேவையில்லை. மின்வெட்டுக்கு நடுவில், இணையம் இல்லாத நிலையத்தில், பழைய லினக்ஸ் ஒன்றிலும் இது வேலை செய்யும். சிஸ் என்ற அடைவு வட்டில் இருப்பதல்ல. கேர்னல் தன் மனதில் இருப்பதைக் கோப்புகள் போலக் காட்டும் கண்ணாடி.

எல்எஸ் /சிஸ்/பஸ்/யூஎஸ்பி/டிவைசஸ்

1-2 என்றும், 1-2:1.0 என்றும், 1-2:1.1 என்றும் பெயர்கள் வரும். முக்காற்புள்ளி இல்லாதது கருவி. முக்காற்புள்ளி உள்ளது இடைமுகம். புள்ளிக்கு முன்னால் அமைவு எண், பின்னால் இடைமுக எண். நமக்கு வேண்டியது இடைமுகம். கருவியின் டிரைவரைக் கேட்டால் 'யூஎஸ்பி' என்ற பொதுப்பெயர்தான் பதிலாக வரும். பலர் இதைப் பார்த்துவிட்டு, டிரைவர் சரியாக ஏறவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். டிரைவர் ஒழுங்காகவே ஏறியிருக்கிறது. கேட்ட இடம்தான் தவறு.

ரீட்லிங்க் /சிஸ்/பஸ்/யூஎஸ்பி/டிவைசஸ்/1-2:1.0/டிரைவர்

பாதை ஒன்று வரும். அதன் கடைசிச் சொல் யூஎஸ்பிஹிட். அதே இடைமுக அடைவுக்குள் மூன்று சிறு கோப்புகள் இருக்கின்றன. வகுப்பு, உபவகுப்பு, நெறிமுறை என்பவற்றின் எண்கள் அவற்றில் உண்டு. 03, 01, 01 என்று இருந்தால் அது தொடக்க நெறிமுறை (கணினி எழும்பும்போதே பயன்படும் எளிய பேச்சுமுறை) தெரிந்த விசைப்பலகை. கடைசி எண் 02 என்றால் எலி. ஒலிவிசைகளுக்கான இரண்டாம் இடைமுகம் 03, 00, 00 என்று இருப்பது இயல்பு. யூஎஸ்பிஹிட் பார்ப்பது முதல் எண்ணான 03 ஐத்தான். அது இருந்தால் தயாரிப்பாளர் யாராக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். விசைப்பலகை வாங்கினால் இறுவட்டுத் தேடத் தேவையில்லாமல் இருப்பதன் காரணம் இந்த ஒரே எண்தான்.

இப்போது மேல் படிக்கு ஏறுங்கள்.

எல்எஸ் -எல் /சிஸ்/பஸ்/ஹிட்/டிவைசஸ்/*/டிரைவர்

முன்னே பார்த்த நீண்ட பெயர்கள் ஒவ்வொன்றும் எந்த டிரைவரைச் சுட்டுகிறது என்று அம்புக்குறியோடு வரும். தேடிவந்த விடை இந்த அம்பின் நுனியில் இருக்கிறது.

துணுக்காய்த் தம்பியின் விசைப்பலகைக்கு அம்பின் நுனியில் ஹிட்-ஜெனரிக் இல்லை. ஆப்பிள் என்று இருந்தது. "அண்ணை, இது ஆப்பிள் இல்லையே. பெட்டியில் வேறு பெயர்தான் இருக்கிறது" என்றார். அடையாள எண்ணை வாசிக்கச் சொன்னேன். 05ஏசி, 024எஃப். 05ஏசி ஆப்பிள் நிறுவனத்துக்கு உரிய எண். வேறு தயாரிப்பாளர்கள் சிலர், மேக் கணினியிலும் ஒத்துழைக்க வேண்டும் என்று தங்கள் விசைப்பலகைகளுக்கு இந்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். கேர்னல் எண்ணைப் பார்த்து, இது ஆப்பிள் விசைப்பலகை என்று நம்பி, ஹிட்-ஜெனரிக்கை ஒதுங்கச் சொல்லிவிட்டு ஆப்பிள் டிரைவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஆப்பிள் வழக்கப்படி மேல்வரிசை விசைகளின் முதல் வேலை வெளிச்சமும் ஒலியும். எஃப்2 என்பது அங்கே இரண்டாம் வேலை. இயங்குதளத்தை இரண்டு தடவை அல்ல, இருபது தடவை நிறுவினாலும் இது மாறியிருக்காது.

டிரைவரின் பெயரும், அதைச் சுமந்து கேர்னலில் ஏறும் துண்டான மொடியூலின் பெயரும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டிரைவர் பெயர் ஆப்பிள்; அதைச் சுமக்கும் மொடியூல் ஹிட்_ஆப்பிள். லாஜிடெக்கின் கம்பியில்லாச் செருகிக்கு டிரைவர் லாஜிடெக்-டிஜேரிசீவர், மொடியூல் ஹிட்_லாஜிடெக்_டிஜே. ஒன்றில் இருந்து மற்றதைக் கண்டுபிடிக்க:

ரீட்லிங்க் /சிஸ்/பஸ்/ஹிட்/டிரைவர்ஸ்/ஆப்பிள்/மொடியூல்

மொடியூல் தெரிந்தால் அதற்கு என்னென்ன திருகாணிகள் இருக்கின்றன என்று கேட்கலாம்.

மொட்இன்ஃபோ ஹிட்_ஆப்பிள்

எஃப்என்மோட் என்ற ஒன்று பட்டியலில் வரும். 1 என்றால் மேல்வரிசைக்கு ஒலி, வெளிச்ச வேலை முதலிடம். 2 என்றால் எஃப் விசைகளுக்கு முதலிடம். புதிய கேர்னல்களில் 3 என்றும் உண்டு. டிரைவரே பார்த்துத் தீர்மானிக்கும் நிலை அது. தம்பியிடம் இதைத் தட்டச் சொன்னேன்:

எக்கோ 2 | சூடோ ரீ /சிஸ்/மொடியூல்/ஹிட்_ஆப்பிள்/பரமீட்டர்ஸ்/எஃப்என்மோட்

நடுவில் நிற்கும் 'ரீ' ஒரு கட்டளை. ஆங்கிலத்தில் ரி எழுத்தோடு இரண்டு ஈ. நுழைவு விசையை அழுத்திய கையோடு எஃப்2 வேலை செய்தது. கணினியை அணைத்து எழுப்பினால் இது மறந்துபோகும். நிலையாக வைக்க /ஈரிசி/மொட்ப்ரோப்.டி அடைவுக்குள், முடிவில் புள்ளி கொன்ஃப் என்ற ஒட்டுப்பெயர் உள்ள கோப்பு ஒன்றை உருவாக்கி, 'ஆப்ஷன்ஸ் ஹிட்_ஆப்பிள் எஃப்என்மோட்=2' என்று ஒரு வரி எழுதி, உபுண்டுவிலும் டெபியனிலும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ என்ற கட்டளையை சூடோவோடு ஓட்டிவிட வேண்டும். கடைசிப் படியைத் தவறவிட்டால் தொடக்கத்திலேயே ஏறிவிடும் மொடியூல் உங்கள் வரியைக் காணாமல் போகக்கூடும்.

ஒரே கட்டளையில் முழுச் சங்கிலி

இதுவரை துண்டுதுண்டாகப் பார்த்ததை ஒரே மூச்சில் பார்க்க விரும்பினால், முதலில் குறித்துவைத்த ஈவெண்ட் எண்ணோடு:

யூடெவ்அட்ம் இன்ஃபோ -ஏ -என் /டெவ்/இன்புட்/ஈவெண்ட்3

நீளமாக வரும், மிரள வேண்டாம். டிரைவர்ஸ் என்று தொடங்கும் வரிகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலில் வெறுமை. பிறகு ஹிட்-ஜெனரிக் அல்லது அதன் இடத்தில் இருப்பவர். பிறகு யூஎஸ்பிஹிட். பிறகு இடையில் ஹப் இருந்தால் அதையும் சேர்த்து இரண்டு மூன்று யூஎஸ்பி. அதற்குக் கீழே எக்ஸ்எச்சிஐ_எச்சிடி. முல்லைத்தீவுப் பொதியின் வழிச்சீட்டு இதுதான், யாழ்ப்பாணத்தில் இருந்து தலைகீழாக எழுதியது.

பட்டியலில் இல்லாத டிரைவர்

எல்எஸ்மொட் என்ற கட்டளை, ஏற்றப்பட்டுள்ள மொடியூல்களைக் காட்டும். அதில் யூஎஸ்பிஹிட்டைக் காணவில்லை என்பதால் டிரைவர் இல்லை என்று எண்ணாதீர்கள். சில இயங்குதளங்களில் அது கேர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும். அப்போது எல்எஸ்மொட் அதைக் காட்டாது. மொட்இன்ஃபோவிடம் கேட்டால், கோப்பின் பாதை வரவேண்டிய இடத்தில் உட்கட்டப்பட்டது என்று பொருள்படும் சொல் வரும். சிஸ் அடைவோ இரண்டு நிலையிலும் உண்மையைச் சொல்லும். நான் அதை விரும்புவதற்கு இது இன்னொரு காரணம்.

யூஎஸ்பிகேபிடி என்று ஒரு டிரைவரும் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் நாம் தேடுவது இதுதான் என்று தோன்றும். இல்லை. அது தொடக்க நெறிமுறையை மட்டும் அறிந்த எளிய டிரைவர், சிறிய உட்பொதி அமைப்புகளுக்காக இருப்பது. தொடக்க நெறிமுறையில் விசைப்பலகை அனுப்புவது மொத்தம் எட்டு பைட்: ஒன்று ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு, ஒன்று வெறுமை, மிகுதி ஆறு, ஒரே நேரத்தில் அழுத்தும் ஆறு விசைகளுக்கு. ஒலிவிசைகளெல்லாம் அதற்குத் தெரியாது. சாதாரணக் கணினியில் இதை வலிந்து ஏற்றப் போகாதீர்கள்.

மரத்தில் டிரைவர் இடம் வெறுமையாக இருந்தால் மட்டும் உண்மையில் யாரும் பிடிக்கவில்லை என்று பொருள். அப்போது முதலில் வேறு துவாரம், பிறகு வேறு கணினி. மாரி காலத்தில் இங்கே விசைப்பலகைக்குள் எறும்பு குடியேறும். கோடையில் செம்புழுதி. கருவி பாதி செத்துப்போய், அடையாளம் சொல்லத் தொடங்கி முடிக்காமல் விழுந்தால் நாட்குறிப்பில் பிழை வரிகள் திரும்பத் திரும்ப வரும். அதற்கு டிரைவர் தேடிப் பயனில்லை, திருகாணி முடுக்கி எடுங்கள்.

தமிழ் எழுத்து விழாவிட்டால்

என்னிடம் வரும் 'டிரைவர் பிழை'களில் கணிசமானவை உண்மையில் இதுதான். பாமினியில் தட்டிப் பழகிய கைக்கு ஜே விசையில் 'த' வரவேண்டும். வராவிட்டால் விசைப்பலகை டிரைவரைக் குற்றம் சொல்கிறார்கள். ஈவிடெஸ்ட் என்ற கருவியை நிறுவி, சூடோவோடு ஓட்டி, உங்கள் ஈவெண்ட் எண்ணைத் தேர்ந்து ஜே விசையை அழுத்திப் பாருங்கள். இரண்டு எண்கள் வரும். 7000டி என்பது விசைப்பலகை அனுப்பியது. அதில் 7 விசைப்பலகைப் பக்கம், 0டி அந்தப் பக்கத்தில் ஜே விசையின் இடம். 36 என்பது ஹிட் அடுக்கு அதை மொழிபெயர்த்துக் கேர்னலின் கணக்கில் கொடுத்தது. இரண்டும் வந்தால் டிரைவரின் வேலை முடிந்தது. 36 ஐ 'த' ஆக்குவதா, ஆங்கில எழுத்தாகவே விடுவதா என்பது மேலே இருக்கும் விசை அமைப்பின் பொறுப்பு. ரெங்கநாதன் அமைப்போ, தமிழ்99 ஓ, பாமினி எழுத்துருவோ, கேர்னலுக்கு அவற்றில் ஒன்றுமே தெரியாது.

இறுதிச் சோதனை: கழற்றிவிட்டுப் பார்த்தல்

கண்டுபிடித்த பெயர் சரிதானா என்று ஐயம் இருந்தால், அந்த இடைமுகத்தை டிரைவரிடம் இருந்து விடுவித்துப் பார்க்கலாம்.

எக்கோ 1-2:1.0 | சூடோ ரீ /சிஸ்/பஸ்/யூஎஸ்பி/டிரைவர்ஸ்/யூஎஸ்பிஹிட்/அன்பைண்ட்

நுழைவு விசையை அழுத்திய நொடியில் விசைப்பலகை ஊமையாகிவிடும். நிரூபணம் ஆகிவிட்டது. மீண்டும் இணைக்க அதே வரியில் அன்பைண்ட் என்பதை பைண்ட் என்று மாற்றித் தட்ட வேண்டும். எதைக் கொண்டு தட்டுவது என்று இப்போது யோசிக்கிறீர்கள் அல்லவா? நான் முதல் தடவை இதைச் செய்தபோது யோசிக்கவில்லை. ஆகவே முன்கூட்டியே இரண்டு கட்டளையையும் ஒரே வரியில், நடுவில் ஸ்லீப் 15 என்று வைத்து எழுதுங்கள். பதினைந்து விநாடியில் தானாக உயிர் வரும். இல்லையேல் இன்னொரு கணினியில் இருந்து வலையமைப்பு வழியாக நுழைந்து செய்யுங்கள்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு நிலையத்தில், சிறுவர்கள் சூழ நின்று பார்க்க, இந்தச் சோதனையைப் பெருமையோடு செய்துகாட்டினேன். பலகை ஊமையானது. எலியை வைத்துத் திரையில் அங்கும் இங்கும் தேடினேன். கடைசியில் ஆற்றல் பொத்தானை நோக்கிக் கை போனது. பத்து வயது மதிக்கத்தக்க பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "மாமா, வயரைக் கழற்றித் திரும்பச் செருகினால் வராதா?" செருகினேன். கேர்னல் அதைப் புதுக் கருவியாக எண்ணி, யூஎஸ்பிஹிட்டிடம் தானாகவே ஒப்படைத்தது. வரிசை எண் மட்டும் ஒன்று கூடியிருந்தது.